மன்னவனூர் கறுப்புக்கல் விண்கல்லா? ஒரு சீவலை வைத்துப் பார்த்தது

கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர்ப் பக்கம் ஒரு பூண்டுத் தோட்டத்தில் கிடைத்த கல்லைப் பற்றிய குறிப்பு இது. எடை 1,340 கிராம். நல்ல கறுப்பு. ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் கட்டைவிரலால் அமுக்கியது போலச் சில குழிகள். காந்தம் வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. இதை விண்கல் என்று தோட்டக்காரரிடம் சொன்னவர் கீழேயிருந்து வந்த ஒரு தரகர். கிலோ பத்து லட்சத்துக்குப் போகும், ஆனால் முதலில் டெஸ்டிங்குக்கு இருபதாயிரம் கட்ட வேண்டும் என்றாராம். இரிடியம் கலசம், ரைஸ் புல்லிங் என்று ஊர் ஊராகப் பணம் பறிபோன கதை கேட்காதவர்கள் நம்மில் யார்? தோட்டக்காரரின் மகன் கல்லூரியில் வேதியியல் படிக்கிறான். அவனுக்குத்தான் முதலில் உறுத்தியது. கல்லை ஒரு உரச்சாக்கில் சுருட்டி, அப்பாவையும் கூட்டிக்கொண்டு, பெருமாள்மலையில் நான் கல் சீவும் கொட்டகைக்கு வந்துவிட்டான். ஒரு கல்லூரி நிலவியல் ஆய்வகத்தில் பாறைச் சீவல், அதாவது வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிதாகத் தேய்த்த பாறைத் துண்டு, போட்டே ஓய்வு பெற்றவன் நான். கருவிகள் பழசு, ஆனால் ஓடுகின்றன.

"சார், விக்கலாமா, இல்ல வரப்புல தூக்கிப் போட்டுடலாமா? அதை மட்டும் சொல்லுங்க," என்றார் அப்பா.

"சொல்றேன் அண்ணே. ஆனா ஒரு துண்டு அறுக்கணும். தீப்பெட்டி அளவு."

"அறுக்கவே கூடாதுன்னாரே அந்த ஆளு. அறுத்தா பவர் போயிடுமாம்."

"அப்பா, நீங்க சும்மா இருங்க. அறுக்கட்டும்," என்றான் மகன்.

அறுப்பதற்கு முன் செய்யும் சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லை நூலில் கட்டித் தராசில் தொங்கவிட்டு, அப்படியே வாளித் தண்ணீரில் முக்கியதும் எடையில் 445 கிராம் குறைந்தது. வகுத்தால் அடர்த்தி 3.01 (தண்ணீர் 1 என்றால்). கையில் எடுத்தால் கனமாகத் தெரியும் கல்தான். ஆனால் விழும் விண்கற்களில் பெரும்பாலானவை சாதாரண காண்ட்ரைட்டுகள் (காண்ட்ரூல் என்ற சிறு உருண்டைகள் கொண்ட கற்கள்), அவற்றின் அடர்த்தி பொதுவாக 3.2 முதல் 3.6 வரை இருக்கும். உள்ளே உலோக இரும்பு பொடிப்பொடியாகக் கிடப்பதுதான் காரணம். 3.01 அதற்குக் கொஞ்சம் குறைச்சல். சரி, காண்ட்ரைட் இல்லை என்றே வைத்துக்கொள்வோம், வேறு ரகம் இருக்கலாமே? வெஸ்டா என்ற சிறுகோளிலிருந்து வந்தவையாகக் கருதப்படும் யூக்ரைட்டுகளின் அடர்த்தி ஏறத்தாழ 3 தான். ராஜஸ்தானில் 1996-இல் விழுந்த பிப்லியா கலான் அந்த ரகம். ஆனால் யூக்ரைட்டில் உலோகம் கிட்டத்தட்ட இல்லை, காந்தத்தை அது பெரிதாக மதிக்காது. நம் கல்லோ காந்தத்தை விடமாட்டேன் என்கிறது. காண்ட்ரைட்டுக்கு எடை போதாது, யூக்ரைட்டுக்குக் காந்தம் அதிகம். இந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. ஆனாலும் சந்தேகத்தை வைத்துச் சீட்டு எழுதித் தர முடியாது.

ஏனென்றால் ஊர் அப்படி. பழனி மலையில் காந்தம் ஒட்டுகிறது என்பது எதையும் நிரூபிக்காது. இந்த மலைத்தொடரின் உடம்பே சார்னோக்கைட் என்ற, கிரானைட் போன்ற பாறை. கொல்கத்தாவில் ஆங்கில வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, 1893-இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது. அந்தக் கல் நம் பல்லாவரம் பக்கத்து ரகம். சார்னோக்கைட்டின் அடையாளக் கனிமம் ஹைப்பர்ஸ்தீன். விண்கற்களைப் பற்றிய எந்தப் பழைய புத்தகத்தைத் திறந்தாலும் அதே ஹைப்பர்ஸ்தீன் பெயர் வரும். அதோடு சார்னோக்கைட்டுக்குள் அங்கங்கே கறுத்த திட்டுகளாக இன்னொரு பாறை உட்கார்ந்திருக்கும். இரண்டு வகைப் பைராக்சீன் (ஹைப்பர்ஸ்தீன் அதில் ஒன்று), பிளேஜியோகிளேஸ் என்ற வெளிர் கனிமம், காந்தம் இழுக்கும் மேக்னடைட் எல்லாம் கலந்த கிரானுலைட் அது, ஆழத்தில் சூட்டில் உருமாறிய பாறை. சார்னோக்கைட் மக்கிப் பொடியாகும்போது இந்தக் கறுப்புத் திட்டு மட்டும் உருண்டையாகத் தனியே கழன்று வயலுக்கு வந்துவிடும். மண்வெட்டியில் தட்டுப்படுவதும் அதுதான். கனிமப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் அதற்கும் ஒரு விண்கல்லுக்கும் பாதிக்கு மேல் ஒன்றாகவே இருக்கும். ஆகவே இங்கே என்னென்ன கனிமம் இருக்கிறது என்று கேட்டால் போதாது. அவை எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, கல்லின் தோல் எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குச் சீவல்தான் வழி.

அறுப்பு

விண்கல் சந்தேகம் உள்ள கல்லைத் தண்ணீர் ஊற்றி அறுக்கக் கூடாது. உள்ளே உலோகம் இருந்தால் அன்று இரவே துருப்பிடித்துவிடும். மெதுவாகச் சுற்றும் வைர வட்டு, சொட்டுச் சொட்டாக ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். கொட்டகைக் கதவு திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் பீடி கூடாது. அப்பா வெளியே போய்ப் பற்றவைத்துக்கொண்டார்.

வெட்டு விழும் திசையும் முக்கியம். கறுப்புத் தோலுக்கு நேர் செங்குத்தாக அறுத்தேன். தோலும் அதன் அடியில் உள்ள கல்லும் ஒரே சீவலில் வர வேண்டும். அப்படியே தேய்த்தால் ஓரம் உதிர்ந்து, பார்க்க வேண்டிய இடமே காணாமல் போகும். அதனால் முதலில் தோல் பக்கம் எபாக்சி ஊற்றிக் காயவைத்தேன். பிறகு கண்ணாடிப் பலகை மேல் சிலிக்கன் கார்பைடுப் பொடி: 220, 400, 600, கடைசியாக 1000. ஒவ்வொரு நம்பருக்கும் நடுவில் கல்லையும் கையையும் பலகையையும் சுத்தமாகத் துடைக்க வேண்டும். ஒரே ஒரு 220 துகள் மிஞ்சினாலும் 1000-இல் தேய்க்கும்போது கீறல் போட்டுவிடும். மழமழவென்று ஆன முகத்தைச் சொரசொரப்பாக்கிய கண்ணாடிச் சில்லில் எபாக்சியால் ஒட்டி, மேல்பாதியை அறுத்து எடுத்துவிட்டு, மிச்சத்தைத் திரும்பவும் தேய்க்க வேண்டியதுதான். அந்தக் காலத்தில் ஒட்டுவதற்குக் கனடா பால்சம் என்ற மரப் பிசின். அதன் வாசனை எனக்கு இன்னும் பிடிக்கும், ஆனால் எபாக்சிதான் கெட்டி.

இலக்கு 0.03 மில்லிமீட்டர். உலகம் முழுக்க அதே கனம்தான், அப்போதுதான் ஒருவர் பார்க்கும் நிறத்தை இன்னொருவர் பார்த்த நிறத்தோடு ஒப்பிட முடியும். அளவுகோல் வைத்து அளப்பதில்லை. இரண்டு போலராய்டுக்கு (ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் தாள்) நடுவில் வைத்தால் பிளேஜியோகிளேஸ் சாம்பல் வெள்ளையாகத் தெரிய வேண்டும். வைக்கோல் மஞ்சள் தட்டினால் இன்னும் கனம் இருக்கிறது, தேய். கடைசி நேரத்தில் கை கொஞ்சம் அழுந்தினாலும் சீவல் போய்விடும். மேலே கவர் கண்ணாடி ஒட்டவில்லை. வைரப் பசையால் பளபளப்பாக்கி வைத்துக்கொண்டேன், ஒளி ஊடுருவாத கனிம மணிகளைப் பிற்பாடு மேலிருந்து வெளிச்சம் விட்டுப் பார்க்க அது தேவை.

மகன் ஒரு கேள்வி கேட்டான்: வீட்டில் இதைச் செய்ய முடியுமா? சீவுவது கஷ்டம், ஆனால் பார்ப்பதற்குப் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பே போதும். செத்துப்போன எல்சிடி திரையிலிருந்து போலராய்டுத் தாளை உரித்து, ஒன்றைச் சீவலுக்குக் கீழேயும் இன்னொன்றை மேலேயும் குறுக்காக வைத்துச் சீவலைக் கையால் சுற்றலாம். கோணம் சரியாக அளக்க முடியாது, நிறம் எல்லாம் தெரியும்.

சீவலுக்குள்

முதலில் ஒரே போலராய்டு. மைக்ராஸ்கோப்பின் மேடையைச் சுற்றச் சுற்ற ஒரு கனிமம் இளஞ்சிவப்பிலிருந்து மங்கலான பச்சைக்கு மாறி, திரும்பவும் சிவந்தது. ஹைப்பர்ஸ்தீன். சார்னோக்கைட் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த மாற்றம் கண்ணை மூடினாலும் தெரியும். விண்கற்களில் வரும் அதன் உறவுக்காரக் கனிமம் பெரும்பாலும் நிறமற்றே இருக்கும். பக்கத்தில் நிறமில்லாத தெளிந்த பிளேஜியோகிளேஸ். அவற்றுக்கு நடுவில் ஆலிவ் பச்சையிலிருந்து கெட்டிப் பழுப்புக்கு மாறும் மணிகள். பிளவுக் கோடுகள் இரண்டும் 56, 124 டிகிரியில் வெட்டிக்கொள்கின்றன. அது ஹார்ன்பிளெண்ட். பைராக்சீனாக இருந்தால் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் வெட்டியிருக்கும். ஓரங்களில் கறுப்பு மணிகள், எப்படிச் சுற்றினாலும் கறுப்புதான்.

இரண்டாவது போலராய்டைக் குறுக்கே தள்ளியதும் பிளேஜியோகிளேஸில் சாம்பல், வெள்ளைப் பட்டைகள் எழுந்தன. இன்னொரு பைராக்சீன் நீலமும் ஊதாவுமாகப் பளிச்சிட்டது. காண்ட்ரைட்டுகளில் நிறைய இருக்கும் ஆலிவின் என்ற கனிமம் ஒரு மணிகூட இல்லை. மணிகள் எல்லாம் அரை மில்லிமீட்டர் சுமார், மூன்று மணி கூடும் இடத்தில் ஏறக்குறைய 120 டிகிரி. உருகி உறைந்த பாறையில் இப்படி வராது. ரொம்பக் காலம் சூட்டில் கிடந்து, திடமாகவே இருந்தபடி மணிகள் இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டால்தான் வரும். பழனி மலைப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்தவை, இந்த அமைப்பு அதற்குப் பொருந்துகிறது.

"காண்ட்ரூல் எதுவும் தெரியலையே சார். அதை வெச்சே இல்லைன்னு சொல்லிடலாமா?" என்று கேட்டான் மகன். வரும் வழியில் மொபைலில் படித்திருக்கிறான்.

சொல்ல முடியாது. ஒப்பிட்டுக் காட்ட என்னிடம் ஒரு சஹாரா காண்ட்ரைட்டின் சீவல் இருக்கிறது. அதைப் பக்கத்து மேடையில் வைத்தேன். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வட்டங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். ஒன்றுக்குள் ஆலிவின் கம்பிகள் வரிசையாக, அத்தனையும் ஒரே நேரத்தில் நீலமாகி, ஒரே நேரத்தில் அணையும். இன்னொன்றில் பைராக்சீன் ஒரு மூலையிலிருந்து விசிறியாக விரியும். சூரியக் குடும்பம் உருவான காலத்தில் உருகிய துளிகள் வெளியில் மிதந்தபடியே உறைந்ததன் தடயம் இது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த நிலவியலாளர் ஹென்றி கிளிஃப்டன் சார்பி 1860-களில் விண்கல்லைச் சீவிப் பார்த்து, இவை தனித்தனித் துளிகளாக உறைந்தவை என்று சொன்னார். பூமியின் எந்தப் பாறையிலும் இந்தக் கூட்டத்தைப் பார்க்க முடியாது.

ஆனால் எல்லாக் காண்ட்ரைட்டிலும் இது இவ்வளவு தெளிவாக இருக்காது. 1967-இல் வான் ஷ்மஸ், வுட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வகுத்த வரிசையில் 3 என்றால் காண்ட்ரூல்கள் பளிச்சென்று இருக்கும், 6-க்கு வரும்போது தாய்க்கோளின் சூட்டில் வெந்து கரைந்து, இருந்த இடம் மட்டும் மங்கலாகத் தெரியும். நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் 2008 செப்டம்பர் 12-இல் விழுந்த கல்லே அந்த 6-ஆம் ரகம்தான், எல்எல்6 (எல்எல் என்பது இரும்பு குறைந்த காண்ட்ரைட்). அதிலும் மணிகள் 120 டிகிரிக்கு வந்து நிற்கும். யூக்ரைட்டில் காண்ட்ரூலே கிடையாது. ஆகவே காண்ட்ரூல் இருந்தால் விண்கல் என்று சத்தியம் செய்யலாம், இல்லாததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

விரும்பியதைப் பார்த்துவிடும் ஆபத்து எந்தப் பக்கமும் உண்டு. 1880-இல் ஜெர்மனியில் ஓட்டோ ஹான் என்ற வழக்கறிஞர் காண்ட்ரைட் சீவல்களைப் பார்த்து, அந்த விசிறிப் பைராக்சீன்களை எல்லாம் பவளம், கடற்பஞ்சு என்று புத்தகமே போட்டார். படங்கள் அருமை. உயிர் மட்டும்தான் இல்லை.

சரி, எதை வைத்து முடிவு செய்வது? முதல் ஆள் ஹார்ன்பிளெண்ட். அதன் கட்டமைப்புக்குள் ஹைட்ராக்சில், அதாவது நீரின் பங்கு இருக்கிறது. சாதாரண காண்ட்ரைட்டும் யூக்ரைட்டும் வறண்ட கற்கள். நம் சீவலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதுதான். அபூர்வமாக ஓரிரு விண்கற்களில் இந்தக் குடும்பத்துக் கனிமம் பதிவாகியிருக்கிறது, ஆகவே இதை மட்டும் வைத்து நான் கையெழுத்துப் போடுவதில்லை. இரண்டாவது, அந்தக் கறுப்பு மணிகள். விளக்கை மேலிருந்து விட்டுப் பார்த்தேன். சஹாரா சீவலில் நிக்கல் கலந்த இரும்பு வெள்ளையாகக் கண்ணைக் கூசுகிறது, அதன் ஓரத்தில் ட்ராய்லைட், அதாவது இரும்பு சல்பைடு, வெண்கல மஞ்சள். மன்னவனூர்ச் சீவலில் எல்லாமே மங்கிய சாம்பல், சிலவற்றில் குறுக்கே மெல்லிய கோடுகள். மேக்னடைட், அதனுள் இல்மனைட் (இரும்பு, டைட்டானியம் சேர்ந்த ஆக்சைடு) இழைகள். காந்தம் இழுத்தது இதைத்தான். உலோகம் ஒரு துளியும் இல்லை.

தோலின் ஓரம்

என் கணக்கில் வழக்கை முடித்தது இந்த இடம்தான். தரகர் கல்லின் கறுப்புத் தோலைத்தானே பெரிய சாட்சியாகக் காட்டினார்? விண்கல் காற்றுமண்டலத்தில் வரும்போது மேற்பரப்பு உருகி வழிந்துகொண்டே வரும். கடைசியில் மிஞ்சி உறைவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கறுப்புக் கண்ணாடித் தோல். சில நொடிகளில் நடந்து முடிவதால் சூடு உள்ளே போக நேரமே இல்லை. சீவலில் பார்த்தால் குமிழி நிறைந்த கண்ணாடி, அடுத்து உலோகமும் ட்ராய்லைட்டும் உருகிக் கசிந்த ஒரு குறுகிய பட்டை, அதற்கு அடுத்து ஒன்றுமே நடக்காத கல். எல்லைகள் கோடு கிழித்தது போல இருக்கும்.

நம் கல்லின் ஓரத்தில் குமிழி இல்லை, கண்ணாடியும் இல்லை. மேல்விளிம்பு கறுப்பு, ஒளி புகாது. கொஞ்சம் உள்ளே தள்ளினால் ரத்தச் சிவப்பு, இன்னும் உள்ளே பழுப்பு. அந்தப் பழுப்பு ஒரு கோட்டில் நிற்கவில்லை. பிளேஜியோகிளேஸ் மணிகளுக்கு நடுவில் விரிசல் எங்கெங்கே போகிறதோ அங்கெல்லாம் நுழைந்திருக்கிறது. விளிம்பில் இருந்த பிளேஜியோகிளேஸ் கலங்கிக் களிமண்ணாகிவிட்டது. இரண்டு மில்லிமீட்டர் தாண்டியதும் அதே மணி தெளிவாக இருக்கிறது. நடுவில் எந்த இடத்தில் மாறியது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. மண்ணில் கிடந்து இரும்பும் மாங்கனீசும் படிந்து, மழை உள்ளே தின்றுகொண்டு போன தோல் அது. மேல்மலை மழைக்கும் புளித்த மண்ணுக்கும் இது சாதாரணம். அந்தக் கட்டைவிரல் குழிகளும் அப்படித்தான், பிளேஜியோகிளேஸ் அதிகமாக இருந்த இடம் சீக்கிரம் மக்கிப் பள்ளமாகிவிட்டது.

மகனை உட்காரவைத்து, விளிம்பிலிருந்து உள்நோக்கி மேடையை மெதுவாக நகர்த்தச் சொன்னேன். பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டான். அப்பா ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "ஊறிப்போயிருக்கு," என்றார். அதை விடச் சரியாக நான் எழுதிவிட மாட்டேன்.

கொடைக்கானல் இரும்பு

தரகரின் கடைசிச் சீட்டு: "கொடைக்கானல்ல ஏற்கெனவே விண்கல் கிடைச்சிருக்கு, கூகுள்ல பாருங்க." இது உண்மை. 1898-இல் கொடைக்கானல் அருகே 15.9 கிலோ எடையுள்ள விண்கல் கிடைத்தது. விழுந்ததை யாரும் பார்த்ததாகப் பதிவில்லை, கண்டெடுத்ததுதான். ஆனால் அது இரும்பு விண்கல், ஐஐஇ என்ற சின்னக் குடும்பம். அதைச் சீவினால் என்ன ஆகும்? 0.03 மில்லிமீட்டரிலும் உலோகத்துக்குள் வெளிச்சம் போகாது. பளபளப்பாக்கி, அமிலம் தடவி, மேலிருந்து வெளிச்சம் விட்டுத்தான் பார்க்க முடியும். ஆனாலும் சீவல்காரனுக்கு அதில் வேலை உண்டு. இரும்புக்கு நடுவில் சிலிக்கேட் துளிகள் பதிந்திருக்கின்றன, பைராக்சீனும் கண்ணாடியுமாக. அந்தத் துளிகளின் வயதை 1967-இல் பர்னெட், வாசர்பர்க் என்ற விஞ்ஞானிகள் ருபீடியம்–ஸ்ட்ரான்ஷியம் முறையில் (கதிரியக்கச் சிதைவை வைத்து வயது காண்பது) கணித்தபோது வந்தது சுமார் 380 கோடி ஆண்டு. பெரும்பாலான விண்கற்கள் 450 கோடியைத் தாண்டியவை. ஆக இது பிறந்து வெகுகாலம் கழித்து எங்கோ திரும்பவும் சூடாகியிருக்கிறது. உலகம் முழுக்க விண்கல் ஆராய்ச்சியில் கொடைக்கானல் பெயர் அடிபடுவது இதற்காகத்தான்.

அந்த இரும்பைக் காட்டி இந்தக் கல்லை விற்க முடியாது. அடர்த்தியில் அது வேறு ஜாதி, இரும்பு விண்கல் என்றால் 7-க்கு மேல் நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பேசுபவர் ஒன்று தெரியாமல் பேசுகிறார், இல்லையென்றால் நன்றாகத் தெரிந்தே பேசுகிறார்.

எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: இரட்டைப் பைராக்சீன் கிரானுலைட், ஹார்ன்பிளெண்ட் உடையது, மேக்னடைட்டால் காந்த ஈர்ப்பு, உருகு தோல் இல்லை, உலோகம் இல்லை, பழனி மலைப் பாறையோடு பொருந்துகிறது, விண்கல் அல்ல. சீவல் மட்டும் போதாத கேஸ்களும் வரும். அப்போது மைக்ரோபுரோபில் (எலக்ட்ரான் கற்றையால் கனிமத்தின் வேதிக்கூறுகளை அளக்கும் கருவி) வைத்து ஆலிவினில் இரும்பு எவ்வளவு என்று அளக்க வேண்டியிருக்கும், அது பெரிய ஆய்வகங்களின் வேலை. நிஜமாகவே விண்கல்லாக இருந்திருந்தால் அதைத் தரகரிடம் கொடுக்கவே கூடாது. நம் நாட்டில் விழும் விண்கற்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துடையது. தாசில்தார் அலுவலகம் வழியாகவோ நேரடியாகவோ அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். இந்தக் கல்லுக்கு அந்த அவசியம் வரவில்லை.

தரகர் அப்புறம் போனில் வந்தார். மகன் ரிப்போர்ட்டை வாசித்துக் காட்டியிருக்கிறான். "இரிடியம் எத்தனை சதவீதம்னு போடலையே?" என்று கேட்டாராம். மைக்ராஸ்கோப்பில் இரிடியம் தெரியாது, அது வாஸ்தவம். ஆனால் பூமியின் மேலோட்டுப் பாறையில் அது நூறு கோடியில் ஒரு பங்குகூட இருக்காது. சாதாரண காண்ட்ரைட்டாகவே இருந்தாலும் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராம் சுமார்தான். இதையும் ரிப்போர்ட்டின் கீழே இரண்டு வரியாகச் சேர்த்து, தேதி போட்டு அனுப்பிவிட்டேன். இருபதாயிரம் அப்பாவின் கையிலேயே இருக்கிறது. பூண்டு விதை வாங்க வைத்திருந்த பணமாம்.